தார் மூடிய தண்டவாளம்

(ஐயம்பேட்டைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



பட்டு நெய்யும் ஐயம்பேட்டைக்கு வந்து, கோறா விலையைப் பற்றியோ சரிகை விலையைப் பற்றியோ பேசாமல், எங்கோ இருக்கும் கல்கத்தா நகரத்து டிராம் வண்டியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றால், 'வந்தவருக்கு வேறு வேலை இல்லை போலும்' என்று பெரியவர்கள் எண்ணக்கூடும். எண்ணட்டும், ஆனால் பொறுத்துக் கேட்கட்டும். அந்த வண்டியை நிறுத்துவதற்குச் சொல்லும் காரணத்தைத்தான் உங்கள் தறியை நிறுத்துவதற்கும் சொன்னார்கள்.

கல்கத்தாவில் 1873-இல் குதிரை இழுத்தது. 1902-இல் மின்சாரம் இழுத்தது. 2023-இல் நூற்றைம்பதாம் ஆண்டு விழா எடுத்து, மாலை போட்டு மகிழ்ந்தனர். மாலை வாடி மறு ஆண்டு பிறந்தது. 2024 செப்டம்பரில், எஸ்பிளனேடு முதல் மைதானம் வரை ஒரே ஒரு தடம் தவிர ஏனையவை இனி இல்லை என்று மாநிலப் போக்குவரத்து அமைச்சர் அறிவித்தார். விழா எடுத்த கையாலேயே விடை கொடுத்தனர்! வழக்கு உயர் நீதிமன்றத்தில் இருக்க, தண்டவாளங்களின்மேல் தார் ஊற்றி மூடினர். 2025 சனவரியில் நீதிமன்றம் அதைக் கண்டித்தது.

காரணம் என்ன? நகரின் பரப்பில் சாலைக்குரியது நூற்றுக்கு ஆறு பங்கே, நெரிசல் தாங்கவில்லை, டிராம் மெல்லச் செல்கிறது. ஆறு பங்குதான், மறுப்பவர் எவருமில்லை. ஆனால் அந்த ஆறு பங்கை அடைத்துக்கொண்டு நிற்பது எது? ஒரு காரில் ஒரு கனவான். பின்னால் இன்னொரு காரில் இன்னொரு கனவான். இடம் குறைவு என்றால், பலரைச் சுமப்பதை வைத்துக்கொண்டு, ஒருவரைச் சுமப்பதைக் குறைப்பதுதானே கணக்கு? இங்கே கணக்கு தலைகீழாக நிற்கிறது!

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. அதை மறைத்தால் நான் பேச்சாளன், வழக்காளி அல்லன். டிராம் ஒதுங்கத் தெரியாத வண்டி. முன்னால் ஒரு லாரி நின்றுவிட்டால் பின்னால் வரிசையாக நிற்கும். உண்மை. ஆனால் கல்கத்தாவில் பல சாலைகளில் டிராமுக்கென்று தனிப் பாதை இருந்தது. அதைச் சமன்படுத்திப் பொதுச் சாலையோடு கலந்துவிட்டார்கள். பாதையைப் பறித்த பிறகு, 'பாதையை மறிக்கிறாய்' என்கிறார்கள். பாவு நூல் தராமல் நெசவாளியை உட்காரவைத்து, 'உன் தறி ஓடவில்லையே' என்று கேட்பதைக் கண்டவர்கள் நீங்கள். உங்களுக்கு விளக்கவா வேண்டும்?

நம் சென்னைக்கும் இக்கதை உண்டு. 1895 மே 7-ஆம் நாள் சென்னையில் மின்சார டிராம் ஓடியது. உச்சத்தில், 1921-இல், 97 வண்டிகள் 24 கிலோமீட்டர்ப் பாதையில் ஓடின. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதைத் தொடர்ந்து டிராம் தொழிலாளரும் சங்கம் கண்டனர். பேருந்துப் போட்டியும் கம்பெனியின் நட்டமும் சேர்ந்து, 1953 ஏப்ரல் 12-இல் வண்டி நின்றது. கம்பெனிக்கு நட்டம், ஆகவே ஊருக்கு வண்டி இல்லை, அவ்வளவுதான் கணக்கு.

அதே 1953-இல், சூலையில், கல்கத்தாவில் டிராம் கட்டணம் ஒரு பைசா ஏறியது. ஒரே ஒரு பைசா! ஊரே எழுந்தது. சிறை, தடியடி, எல்லாம் நடந்து, உயர்வு திரும்பப் பெறப்பட்டது. இங்கே வண்டி செத்தது. அங்கே ஒரு பைசாவுக்காகப் போராடிய மக்களோடு மேலும் எழுபது ஆண்டு ஓடியது. 1976-இல் நாட்டுடைமையும் ஆயிற்று. நாட்டுடைமை ஆனதை நாடே கேளாமல் நிறுத்துகிறார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை!

அந்த ஆண்டு உங்களுக்கும் நெருப்பு ஆண்டு. கைத்தறி தேங்கிக் கிடந்த காலம். வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கவேண்டும் என்று அன்றைய முதலமைச்சர் இராஜாஜி மத்திய அரசைக் கேட்டார். காஞ்சி தந்த அண்ணா திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணி விற்றார். இரு துருவங்கள்! எனினும் 'பழையது, ஆகவே சாகட்டும்' என்ற வாதத்தை இருவருமே ஏற்கவில்லை.

சென்னை அண்ணா சாலையில் மீண்டும் டிராம் விடச் சொல்கிறேனா? இல்லை. இப்போது மெட்ரோ ஓடுகிறது. அங்கே தண்டவாளமே இல்லை. கல்கத்தாவிலோ இருந்ததைத்தான் தாரால் மூடுகிறார்கள். பிரெஞ்சு நாட்டு நாந்த் நகரம் 1958-இல் டிராமை ஒழித்து 1985-இல் மீட்டது. 1938-இல் கைவிட்ட பாரிஸ் வட்டாரம் 1992-இல் மீண்டும் தொடங்கியது. பழம்பெருமை பாடவா மீட்டார்கள்? தனிப் பாதை அமைத்து, புதிய வண்டி விட்டு, வேலைக்குச் செல்வோரை ஏற்றினார்கள்.

கல்கத்தாவில் மிஞ்சவிருப்பது உல்லாசத்துக்கு ஒரு வண்டி. காஞ்சியில் எல்லாத் தறியையும் பிரித்துவிட்டு, காட்சிசாலைக் கண்ணாடிக்குள் ஒன்றை நிறுத்தி, நெசவாளியின் மகனை ஒரகடம் தொழிற்சாலைப் பேருந்தில் ஏற்றி அனுப்புவதற்கு ஒப்பானது அது. தறியைக் காப்பாற்றிவிட்டோம் என்று அறிக்கையும் வரும்!

நாளை வாலாஜாபாத் சாலையில் ஒரு நகரப் பேருந்தின் நடையைக் குறைத்து, 'வசூல் இல்லை' என்று எவரேனும் சொன்னால், இரண்டு கேள்வி கேளுங்கள். ஆள் குறைவதற்கு முன் வண்டி நேரத்துக்கு வந்ததா? 2021 முதல் சாதாரணக் கட்டண வண்டியில் கட்டணமின்றி ஏறும் நம் தாய்மார்களை எந்த வசூல் கணக்கில் எழுதினீர்கள்?