மண்ணும் மனையும் கையொப்பமும்

(நெய்வேலியில் நடைபெற்ற விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தில்லியில் ஒரு குடும்பம் நடத்திவரும் வீட்டுமனை நிறுவனத்தின் வரலாற்றைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன். நிலக்கரி நகரில் வாழும் நமக்குத் தில்லி மனைத்தொழிலோடு என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். உறவு உண்டு. மண்ணைக் கொடுத்தவர்களின் ஊர் நெய்வேலி. ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கண்ட கரிய பொருளே இவ்வூரின் தலையெழுத்தை மாற்றியது. அறுநூறு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை அவர் மனமுவந்து அளித்தார். 1956இல் நிறுவனம் தோன்றியது. சுற்றியிருந்த சிற்றூர் மக்கள் வீட்டையும் வயலையும் விட்டுப் பெயர்ந்தனர். அந்த மண்ணில் எழுந்த குடியிருப்புகளில் வாழும் நமக்கோ அவை சொந்தமில்லை. பணி ஓய்வு பெற்றால் சாவியை ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டும். ஆகவே நிலம், வீடு என்னும் இரண்டு சொற்களின் கனம் நமக்கு நன்றாகத் தெரியும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1946இல் சௌத்ரி ராகவேந்திர சிங் என்பவர் ‘டெல்லி லேண்ட் அண்ட் ஃபைனான்ஸ்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று நாம் டி.எல்.எஃப். என்று அறிவது அதுவே. அடுத்த ஆண்டே நாடு பிரிந்தது. பஞ்சாபிலிருந்து உடுத்த துணியோடு வந்த இலட்சக்கணக்கானோர் தில்லியில் கூரை தேடி அலைந்தனர். யமுனைக்குக் கிழக்கே கிருஷ்ணா நகரில் தொடங்கி, சவுத் எக்ஸ்டென்ஷன், கிரேட்டர் கைலாஷ், ஹவுஸ் காஸ் என இருபதுக்கும் மேற்பட்ட குடியிருப்புகளை அந்நிறுவனம் உருவாக்கியது.

1957இல் தில்லி வளர்ச்சிச் சட்டம் வந்தது. நகரை விரிவாக்கும் பொறுப்பு அரசு ஆணையத்திடம் சென்றது. தனியார் மனைத்தொழிலுக்குக் கதவு அடைபட்டது. தழைத்து நின்ற குடும்பத் தொழில் ஒரே சட்டத்தால் தேங்கிப் போயிற்று.

அந்தக் கதவை மீண்டும் திறந்தவர் ராகவேந்திர சிங்கின் மருமகன் குஷால் பால் சிங். இராணுவத்தில் குதிரைப் படைப்பிரிவு அதிகாரியாக இருந்தவர். பின்னர் மின்மோட்டார் தொழிலில் ஈடுபட்டவர். தில்லியில் இடமில்லை என்றதும் அவர் பார்வை எல்லைக்கு அப்பால், அரியானாவின் குர்கான் பக்கம் திரும்பியது. அங்கு 1975இல் இயற்றப்பட்ட சட்டம், தனியார் உரிமம் பெற்றுக் குடியிருப்பு அமைக்க வழி செய்திருந்தது. ஆனால் அது அன்று கடுகும் கோதுமையும் விளைந்த பூமி. இன்று நம் பிள்ளைகள் பலர் வேலைக்குச் செல்லும் கண்ணாடி மாளிகைகள் அப்போது யாருடைய கனவிலும் இல்லை.

நிலத்தை அவர் எப்படி வாங்கினார் என்பதே என் உரையின் மையம். சுமார் 3,500 ஏக்கர் வாங்கியதாகவும், அதில் பாதிக்கு மேல் கடனாகவே பெற்றதாகவும் அவரே கூறியிருக்கிறார். கையில் பணமில்லாதவருக்கு உழவர் ஏன் நிலம் கொடுத்தனர்? அவர் ஊர் ஊராகச் சென்று கயிற்றுக் கட்டிலில் அமர்ந்தார், கொடுத்த பாலைக் குடித்தார், திருமணங்களுக்குச் சென்றார், நோயுற்றவர்களை நலம் விசாரித்தார். நிலம் விற்ற பலர் அந்தப் பணத்தை அவரிடமே வட்டிக்கு விட்டு வைத்தனர்.

அங்கு நிலங்கள் பெரும்பாலும் கூட்டுக் குடும்பச் சொத்து. ஒரு பத்திரத்துக்கு முப்பது பேர் வரை ஒப்பமிட வேண்டியிருந்ததாம். மணமாகிச் சென்ற பெண்களின் கையொப்பம் பெறுவதே கடினம். காரணம், விற்ற பணத்தில் அவர்களுக்குப் பங்கு தர வீட்டு ஆண்கள் மனம் ஒப்பவில்லை. எனவே அப்பெண்களின் வீடுகளைத் தேடிச் சென்று, யாரும் அறியாமல் அவர்களுக்குத் தனியே பணம் கொடுத்ததாக அவர் சொல்லியிருக்கிறார்.

அவரை நான் முனிவராக்கவில்லை. அவருக்குத் தேவை வில்லங்கம் இல்லாத பத்திரம். வணிகரின் கணக்கு அது. ஆயினும் இச்செய்தியைப் படித்தபோது நான் தலைகுனிந்தேன்.

வந்தவாசிக்கு அருகே எங்கள் தந்தையார் விட்டுச் சென்ற மூன்று ஏக்கர் நிலத்தைப் பணி ஓய்வுக்குச் சில ஆண்டுகள் முன்பு விற்றோம். குடியிருப்பைக் காலி செய்யும் நாள் நெருங்கியதால் எனக்கு வீடு கட்டப் பணம் தேவைப்பட்டது. என் தங்கை பேருந்தில் வந்தாள். பதிவு அலுவலகத்தில் காட்டிய இடத்தில் கையொப்பமிட்டாள். விலை என்ன என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு பட்டுப்புடவையும் வழிச்செலவும் கொடுத்து அனுப்பினேன். இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணராகிய நமக்கும் பொருந்தும் என்பதும், 2005ஆம் ஆண்டுத் திருத்தம் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு தந்தது என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. முப்பது ஆண்டுகள் அறநூல் கற்பித்த ஆசிரியன் நான்!

பின்னாளில் அவள் பங்கைக் கணக்கிட்டு எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குச் சென்றேன். வாங்கிக்கொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்: “பணம் இருக்கட்டும் அண்ணா. அன்னைக்குக் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி அந்த நெலத்த ஒருதரம் பார்த்துட்டு வரணும்னு இருந்தது. யாரும் கேக்கல.” அந்தக் கடனை என்னால் தீர்க்க முடியாது. இன்று அங்கு வண்ணக் கற்கள் நட்ட மனைப்பிரிவு இருக்கிறது.

நிறுவனத்தின் கதை அதன்பின் வேகமாக வளர்ந்தது. 2007இல் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டு ஏறத்தாழ 9,187 கோடி ரூபாய் திரட்டியது. அன்றுவரை இந்தியாவில் அவ்வளவு பெரிய வெளியீடு இல்லை. 2011இல் குர்கான் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கியவர்களின் முறையீட்டின்பேரில், ஒப்பந்த விதிகள் ஒருதலையானவை என்று கூறி இந்தியப் போட்டி ஆணையம் 630 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2020இல் தலைமைப் பொறுப்பு மகன் ராஜீவ் சிங்கிடம் வந்தது. கயிற்றுக் கட்டிலில் முகம் பார்த்துப் பேசிய தொழில், பல பக்க ஒப்பந்தமாக மாறும்போது வாங்குபவரின் முகம் மறைந்துவிடுகிறது. அதனால்தான் 2016இல் மனைத்தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 விழுக்காட்டை அந்தத் திட்டத்துக்கென்றே தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்பது அதன் விதி.

அன்பர்களே! வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் நம் முன்னோர் உழுத நிலங்களுக்கு இன்று தரகர்கள் வருகிறார்கள். பிள்ளைகள் நகரில் வீடு கேட்கிறார்கள். விற்காதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் விற்குமுன் மூன்று செய்யுங்கள். உடன்பிறந்த பெண்களை அழைத்து விலையைச் சொல்லுங்கள். அவர்களை அந்த நிலத்துக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். வந்த பணத்தில் நகரில் வீடு வாங்கினால், அத்திட்டம் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவானதா என்று பார்த்த பின்னரே முன்பணம் கொடுங்கள்.

இல்லறத்தார் பொருளுக்கு வரம்பு கட்டிக்கொள்ளும் நோன்பில் நிலமும் வீடுமே முதலில் எண்ணப்படுகின்றன. எவ்வளவு வேண்டும் என்பதற்கு வரம்பு கட்டும்போது, அதில் யாருடைய பங்கு கலந்திருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்ப்போம்.

இங்கே அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, இன்றிரவு உங்கள் தங்கையிடம் ஒருமுறை தொலைபேசியில் பேசுங்கள்.