தினம் மூணு சொல், வருஷத்துக்கு ஆயிரம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



நம்ம குழு அக்கா ஒருத்தருக்கு நடந்ததை அவங்க சம்மதத்தோடு சொல்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் தனியாரிடம் கடன் வாங்கினார். "சும்மா சாட்சிக் கையெழுத்துதான்" என்று பாரத்தை நீட்டினார்கள். அக்காவும் போட்டுக் கொடுத்துட்டாங்க. ஆனால் பாரத்தில் இருந்த சொல் 'விட்னஸ்' இல்லை, 'கேரண்டர்'. சாட்சி வேறு, ஜாமீன் வேறு. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. பீடி சுத்திச் சேர்த்த காசில் அக்கா ஒன்பது மாதம் தவணை கட்டினார்கள். ஒரு சொல் தெரியாததற்கு இவ்வளவு விலை!

"இந்த வயசுல இங்கிலீஷ் நமக்கு வருமா?" என்று கேட்கிறீர்கள். பஸ், டிக்கெட், லோன், பேங்க், கார்டு என்று தினமும் பேசுகிறோமே, அதெல்லாம் என்ன? காதுக்குப் பழகின சொல்தான், கண்ணுக்குத்தான் புதுசு. 247 எழுத்துள்ள தமிழைப் படித்த நமக்கு 26 எழுத்து பெரிய காரியமா? வெள்ளைக்காரனும் நம்மகிட்ட கடன் வாங்கியிருக்கான். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி மூன்றும் இங்கிலீஷ் அகராதியில் இருக்கின்றன. அவன் கூச்சப்படவில்லை, நாம் ஏன் கூச்சப்படணும்?

1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். விழுந்து எழுந்துதான் கற்றார்கள். மொழியும் அப்படித்தான். தப்பாகப் பேசாமல் சரியாகப் பேச வராது.

நாம் செய்ய வேண்டியது இதுதான்:

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பாஸ்புக், மாத்திரை அட்டை, சோப்பு உறை, பஸ் போர்டு, கண்ணில் படுவதை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். தினம் மூணு சொல்லை மட்டும் எழுதி, பக்கத்தில் தமிழ் அர்த்தம் எழுதுங்கள். மறுநாள் ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை, மாதக் கடைசியில் ஒரு தடவை அர்த்தத்தை மூடிவைத்துச் சொல்லிப் பாருங்கள். திரும்பப் பார்க்காத சொல் ஆத்து மணலில் எழுதின மாதிரி.

முதல் வாரச் சொற்களை இப்போதே தருகிறோம். சேமிப்புக் கணக்கில் 'கிரெடிட்' என்றால் பணம் வரவு, 'டெபிட்' என்றால் பணம் எடுப்பு. 'பேலன்ஸ்' என்றால் இருப்பு. 'இன்ட்ரஸ்ட்' வட்டி, 'பிரின்சிபல்' அசல், 'டியூ டேட்' கட்ட வேண்டிய தேதி. 'நாமினி' நமக்குப் பின் பணம் பெற நாம் எழுதிக் கொடுக்கும் ஆள். மாத்திரை அட்டையில் 'எக்ஸ்பயரி' தேதி தாண்டியிருந்தால் வாங்கவே கூடாது. செல்போனில் வரும் பேங்க் மெசேஜிலும் இதே சொற்கள்தான்.

படித்த சொல்லைப் பேச்சில் போடணும். வாரக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கும்போது ஒவ்வொருவரும் ஒரு புதுச் சொல் சொல்லட்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கேட்பது கேவலம் இல்லை. பிள்ளைக்கும் பாடம் பதியும், நமக்கும் பழகும்.

தினம் மூணு என்றால் வருஷத்துக்கு ஆயிரத்துக்கு மேலே. பாரம் நீட்டுகிறவரிடம், "கொஞ்சம் இருங்க, படிச்சுட்டுப் போடுறேன்" என்று சொல்ல அது போதும். அந்த அக்கா இப்போ அப்படித்தான் சொல்றாங்க. அவங்க நோட்டில் முதல் சொல், கேரண்டர்.