உடம்பில் மாட்டும் இயந்திரமும் நம் முதுகும்

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமாருக்கான வகுப்பில் ஆற்றிய உரை)



கொழுந்து வெட்டும் மெசினைப் பற்றி நாம் பல தடவை பேசியிருக்கிறோம். இன்றைக்குப் பேசப்போவது கையில் பிடிக்கிற மெசினைப் பற்றியல்ல. உடம்பிலேயே மாட்டிக்கொள்கிற மெசினைப் பற்றி. அது வந்து இறங்கிய பிறகு பெரட்டுக்களத்தில் நின்று யோசிப்பதைவிட, இப்போதே கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

நண்டையும் வண்டையும் பாருங்கள். எலும்பு உள்ளே இல்லை, ஓடுதான் வெளியே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகள் இதைப் புறவன்கூடு என்று படிக்கிறார்கள். மனிதருக்கும் அப்படி ஒரு கூட்டை மாட்டிவிட்டால், பாரத்தில் ஒரு பங்கை அது தாங்கும் என்பதே யோசனை. யோசனை பழையதுதான். 1890இலேயே ரஷ்யாவைச் சேர்ந்த நிக்கலஸ் யாகின் என்பவர், நடக்கவும் ஓடவும் துள்ளவும் உதவும் வில் பொருத்திய கருவிக்குக் காப்புரிமை எடுத்தார். 1960களில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனி 'ஹார்டிமான்' என்ற ஒன்றைச் செய்தது. அதன் எடையே ஏறக்குறைய 680 கிலோ. முழு உடம்பையும் ஒன்றாக இயக்க முடியாமல், ஒரு கையோடு வேலை நின்றுபோனது. அதை மாட்டிக்கொண்டு நம் மலையில் ஏறினால் மலைதான் கீழே இறங்கும்!

இப்போது வருபவை அப்படியல்ல. ஜப்பானில் தோக்கியோ விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தில் உருவான 'மசில் சூட்' என்பதை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு வகை நான்கு கிலோவுக்கும் குறைவு. பற்றரி இல்லை, மோட்டார் இல்லை. சைக்கிளுக்குக் காற்றடிப்பது போல் கையால் பம்ப் பண்ண வேண்டும். உள்ளே இருக்கும் றப்பர் குழாய், காற்று ஏறியதும் தடித்து, நீளத்தில் சுருங்கும். நம் தசை சுருங்குவதும் இப்படித்தான். குனிந்தவர் நிமிரும்போது அந்தச் சுருக்கம் மேலுடம்பை இழுத்துக்கொடுக்கும். நோயாளிகளைத் தூக்கிக் கிடத்துவோரும் விவசாயிகளும் இதைப் பாவிக்கிறார்கள். வேறு சில வகைகளில் வெறும் ஸ்பிரிங் அல்லது றப்பர் நாடாதான்: குனியும்போது இழுபடும், நிமிரும்போது அந்தப் பலத்தைத் திருப்பித் தரும்.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. பாரம் எங்கும் மாயமாய்ப் போவதில்லை. முதுகிலிருந்து எடுத்தது தொடைக்கும் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் போகிறது. 20 கிலோ கொழுந்து 20 கிலோவேதான். முழங்காலும் பாதமும் அதைச் சுமக்க வேண்டும், உடையின் எடையையும் சேர்த்து.

தொழிற்சங்கத்தார் என்ற வகையில் நம்மைக் கவர்ந்தது அமெரிக்காவின் ஃபோர்ட் மோட்டார் கம்பனியில் நடந்த விடயம். காருக்கு அடியில் நின்று, தலைக்கு மேலே கையைத் தூக்கி வேலை செய்யும் சிலர், ஒரு நாளைக்கு 4,600 தடவை வரை கையை உயர்த்துகிறார்கள் என்று அந்தக் கம்பனியே கணக்குச் சொன்னது. தோள்பட்டை என்னாகும்? அதற்காகக் கையைத் தாங்கிக்கொடுக்கும் ஒரு மேலங்கியை முதலில் பரீட்சித்துப் பார்த்தபோது, அங்குள்ள மோட்டார் தொழிலாளர் சங்கமும் அதில் சேர்ந்தே இருந்தது. பிறகு 2018இல் ஏழு நாடுகளில் 15 தொழிற்சாலைகளுக்கு அத்தகைய 75 அங்கிகள் கொடுக்கப்பட்டன. 75தான். அதையும் தொழிலாளர் மாட்டிப் பார்த்த பிறகுதான் கொடுத்தார்கள்.

இதற்கு முன்பு இடுப்புப் பட்டி வந்த கதையும் தெரிய வேண்டும். பாரம் தூக்குபவர் இடுப்பில் அகலப் பட்டி கட்டினால் முதுகுக்கு ஒன்றும் வராது என்று அமெரிக்காவில் ஏராளமாக விற்றார்கள். அந்நாட்டு அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1994இல், பட்டியை நம்பி இருக்க வேண்டாம் என்றது. 2000ஆம் ஆண்டில், கடைகளில் பாரம் தூக்கும் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் செய்த ஆய்வு வெளியானது. பட்டி கட்டியதால் முதுகுக் காயம் குறைந்ததாக அதில் தெரியவில்லை. புதிய உடைகளை மாட்டினால் முதுகுத் தசையின் உழைப்பு குறைவதை ஆய்வுகூடத்தில் அளந்து காட்டியிருக்கிறார்கள், அது உண்மைதான். பத்து வருடம் மாட்டியவரின் முதுகு எப்படியிருக்கும் என்பது வேறு கேள்வி.

சரி, நம் வேலைக்கு இவை பொருந்துமா? கொழுந்தெடுக்கும்போது கை தலைக்கு மேலே போவதில்லை. ஆகவே அந்த மோட்டார் அங்கியால் பெரிய பலன் இல்லை. தலையில் கயிறு போட்டுக் கூடை தொங்கும்போது இழுபடுவது கழுத்து, அதற்கு மேலே சொன்ன எதுவும் மருந்தல்ல. புல்லு வெட்டுபவருக்கும், கொழுந்துச் சாக்கை லொறியில் ஏற்றுபவருக்கும், பெக்டரியில் பெட்டி தூக்குபவருக்கும் முதுகு உடை உதவக்கூடும் என்பது நம் எண்ணம். மழையில் ஊறி, படங்குக்கு மேலே நெஞ்சை இறுக்கும் இன்னொரு வாரைக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்குவது பெண்களுக்கு எப்படியிருக்கும் என்பதைத் தயாரிப்பவர் சொல்ல முடியாது. மாட்டிப் பார்த்த அக்காதான் சொல்ல வேண்டும்.

நமக்குள்ள பயம் வேறு. உடை வந்த அடுத்த மாதமே, "இப்போது சுகம்தானே, இரண்டு கிலோ கூட எடு" என்று வந்தால்? 18 கிலோ, 20 கிலோ என்று கேட்டு, குறைந்தால் அரைப் பேர் போடுகிற இடத்தில் இது கற்பனையல்ல. ஆகவே எந்த உடை வந்தாலும், அதைக் காட்டி நோமை உயர்த்தக்கூடாது என்று எழுத்தில் வாங்க வேண்டும். அதன் விலையைச் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. மாட்ட விரும்பாதவரை வற்புறுத்தக்கூடாது. ஒருவர் மாட்டியதைக் கழுவாமல் இன்னொருவருக்குக் கொடுக்கவும் கூடாது. இது சின்ன விடயமாய்த் தெரியும், வேர்வையும் அட்டைக்கடியும் உள்ள இடத்தில் அப்படியல்ல.

சர்வதேச தொழில் தாபனத்தின் 1967ஆம் ஆண்டு 127ஆம் இலக்கச் சமவாயம், ஆட்கள் பாரம் சுமப்பதைக் குறைக்க இயன்றவரை பொருத்தமான சாதனங்களைப் பாவிக்கச் சொல்கிறது. பெண்கள் சுமக்கும் பாரம் ஆண்களுடையதைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. சாதனம் என்றால் உடைதான் என்றில்லை. தராசை மலைக்குப் பக்கத்தில் கொண்டுவருவதும், வழுக்கும் பாதையில் படிக்கட்டு வெட்டுவதும், சாக்கை அரைவாசியாய்க் கட்டுவதும் முதுகைக் காக்கும். அதற்கு ஜப்பானுக்குப் போக வேண்டியதில்லை.

அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டத் தலைவியும் மூன்று விடயங்களை எழுதிவர வேண்டும். கடைசி நிரையிலிருந்து தராசு வரை எத்தனை அடி நடை, ஒரு தடவைக்கு எத்தனை கிலோ, வழியில் எங்கே கால் வழுக்குகிறது. துரையோடு பேசப் போகும்போது அந்தக் கொப்பியைத்தான் மேசையில் வைக்கப்போகிறோம்.