உப்புத்தாள் படாத மரம்



அமெரிக்காவில் நான் வாழ்ந்த நாளில், அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் பழைய இராணுவத் துப்பாக்கிகளை வாங்கிச் செப்பனிட்டு வந்தார். ஒருநாள் அவர் மேசையில் கிடந்தது, 1891ஆம் ஆண்டு வடிவமைப்பான மோசின்-நகாந்த். உருசியாவின் தூலா ஆலையில் பிறந்து, பின்லாந்துப் படையிடம் சிக்கி, கட்டத்துக்குள் எஸ்.ஏ. என்னும் முத்திரை பெற்றது.

இறுகிய மசகை மண்ணெண்ணெயால் துடைத்தெடுக்கவே இரண்டு நாள் ஆயிற்று. பின்னர்க் குழலுக்குள் வெந்நீர் ஊற்றினார். இரும்புக்கு நீரா என்று திடுக்கிட்டேன். பழைய தோட்டாக்களின் வெடிகலவை உப்பை விட்டுச் செல்லும். அது ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும் என்றார். உடனே உலர்த்தி எண்ணெயிட்டார்.

மரத்தின் பள்ளங்கள்மேல் ஈரத்துணியிட்டுச் சூடான சலவைப்பெட்டியை வைத்தார். ஆவி பட்ட மரம் தானே உப்பி எழுந்தது. ஆனால் அடிக்கட்டையில் எவனோ ஒரு வீரன் கத்தியால் கீறிய கோடுகள் இருந்தன. அங்கே துணியும் வைக்கவில்லை, உப்புத்தாளும் தொடவில்லை. ஆளிவிதை எண்ணெய் மட்டும் தடவினார். முன்பொரு துப்பாக்கியைப் பளபளவெனத் தேய்த்துவிட்டாராம். அதை எவர்க்கும் காட்டுவதில்லை.

இம்மலருக்காக, மறைந்த நம் உறுப்பினர் ஒருவரின் கையெழுத்துப்படியைச் செப்பம் செய்யும் பணியை எனக்குத் தந்தீர்கள். சந்திப் பிழைகளைக் களைந்தேன், அது துரு. தளை தட்டிய இடங்களையும் பென்சிலால் 'சரி' செய்திருந்தேன். நேற்றிரவு அவற்றை அழித்துவிட்டேன். அவ்வரிகள் அவர் எழுதியபடியே அச்சேறும்.