ஃபேன் வாங்குபவர் ஒருவர், பில் கட்டுபவர் ஒருவர்



இன்று பட்டம் பெறும் மாணவர்களாகிய உங்களில் பலர் அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் பஸ் பிடித்துப் படிக்க வந்தவர்கள். உங்கள் ஊரின் பொதுக் கட்டடங்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2019இல் ஆவடி தனி மாநகராட்சி ஆனது. ஜனம் பெருகப் பெருக மண்டல அலுவலகம், சுகாதார நிலையம், பள்ளிக்கூடம், சமுதாய நலக்கூடம் என்று கட்டிக்கொண்டே போகிறோம். இன்று எழும்பும் கட்டடம் ஐம்பது ஆண்டு நிற்கும். அதன் கரண்ட் பில்லை உங்கள் பிள்ளைகளின் வரிப்பணம் கட்டும்.

இதைக் கவனிக்கச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001இல் வந்தது. அதன் கீழ் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு 2007இல் வந்து, 2017இல் திருத்தப்பட்டது. ஆனால் அது 100 கிலோவாட் அல்லது அதற்கு மேல் இணைப்பு உள்ள பெரிய வணிகக் கட்டடங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வார்டு அலுவலகமும் ஆறு வகுப்பறைப் பள்ளியும் அந்த வரம்புக்குள் வருவதே இல்லை. வரம்பைக் குறைத்துக்கொள்ள மாநிலங்களுக்கு 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வழிவிட்டிருக்கிறது. அப்படிக் குறைக்கும் வரை அந்தச் சின்னக் கட்டடங்களுக்குக் காவல், வரைபடத்தில் கையெழுத்திடும் பொறியாளரின் மனச்சாட்சி மட்டும்தான்.

மின்சாரம் வீணாகும் சிக்கல் எங்கே தொடங்குகிறது என்று சொல்கிறேன். டெண்டரில் குறைந்த விலை கேட்டவரிடம் ஃபேன் வாங்குகிறோம். வாங்கும் பிரிவு ஒன்று, பில் கட்டும் பிரிவு இன்னொன்று. அந்த ஃபேனுக்குக் கீழே உட்காரும் ஆசிரியைக்கும் நோயாளிக்கும் இரண்டிலுமே பேச்சில்லை. யாரும் விதியை மீறவில்லை. பணம் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பிஎல்டிசி மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட்டில் ஏறத்தாழ அதே காற்றைத் தரும். மிச்சம் 45 வாட். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளைக்கு 7 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் ஓடினால் 63 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் ஐந்நூறு ரூபாய். அதே ஃபேன் இரவும் பகலும் ஓடும் ஆஸ்பத்திரி வார்டில் மாட்டப்பட்டால் 394 யூனிட், மூவாயிரம் ரூபாய்க்கு மேல். புது ஃபேனுக்குக் கூடுதலாக ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்திருந்தாலும், வார்டில் அது ஆறு மாதத்தில் திரும்பிவிடும். பள்ளியில் மூன்று ஆண்டாகும். ஆகவே முதலில் எங்கே மாட்டுவது? அதிக நேரம் ஓடும் இடத்தில். ஆனால் பட்ஜெட் வந்ததும் நம் கை முதலில் போவது அதிகாரியின் அறைக்கு. இதை மாற்ற வேண்டியவர்கள் நீங்கள்.

அடுத்தது மொட்டை மாடி. மே மாத மதியத்தில் மேல்மாடி வகுப்பறையில் உட்கார்ந்து பாருங்கள். மேலே சுற்றும் ஃபேன் அனலைத்தான் கீழே தள்ளும். பழைய மெட்ராஸ் கட்டடங்களில் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரையும், உயரமான அறைகளும், வெயிலைத் தடுக்கும் தாழ்வாரமும் இருந்தன. நாம் கான்கிரீட் தளம் போட்டு அதை வெயிலுக்குக் காட்டிவிட்டோம். தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை டைல்ஸோ போட்டால் அறையின் சூடு கண்கூடாகக் குறையும். வடநாட்டில் வெள்ளைக் கூரை குளிர்காலத்தில் அறையை இன்னும் குளிர வைக்கும் என்ற தயக்கம் உண்டு. நமக்கு அந்தக் குளிர்காலமே இல்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கத்துத் தூசி படிந்தால் வெள்ளை மங்கிவிடும் என்பதால், கோடை தொடங்கும் முன் கழுவிவிட வேண்டும். அந்த வேலையையும் பராமரிப்பு ஒப்பந்தத்தில் எழுதிவைப்பவரே நல்ல பொறியாளர்.

சோலார் பேனல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேவையைக் குறைக்காமல் பேனல் போட்டால், விரயத்துக்கும் சேர்த்துப் பேனல் வாங்குகிறோம். 2050க்குள் கார்பன் சமநிலை என்று சென்னையின் காலநிலைச் செயல்திட்டம் 2023இல் அறிவித்திருக்கிறது. அந்த இலக்கு வார்டு அலுவலகத்தின் மின்மீட்டர் வரை இறங்கி வந்தாக வேண்டும். நம்மால் முடியாத காரியமும் இல்லை. 2003இல் மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கி, தெருத்தெருவாகச் செய்து காட்டிய மாநிலம் இது.

வேலை கிடைத்துப் பெங்களூருக்கோ வெளிநாட்டுக்கோ போகிறவர்கள் போங்கள், மனதார வாழ்த்துகிறேன். போவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். நீங்கள் படித்த மாநகராட்சி அல்லது நகராட்சிப் பள்ளியின் ஓராண்டு கரண்ட் பில்லைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை ஃபேன், எத்தனை லைட், எத்தனை மணி நேரம் என்று எண்ணுங்கள். ஒரு பக்கத்தில் கணக்கெழுதி, உங்கள் வார்டு கவுன்சிலர் கையில் கொடுங்கள். பில்லைத் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, மனுப் போடுங்கள்.