கையால் தைத்த பீத்தி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மைக்கில் பேசிப் பழக்கம் இல்லை. "உன் தையலைப் பத்திப் பேசு"ன்னு சொல்லி ஏத்தி விட்டுட்டாங்க. நான் பிளவுஸ் தைக்கிறவள் இல்லை. மிஷின் எனக்கு வரவே வராது. இத்தனை வருஷமும் நான் கையால் தைத்தது எங்க வீட்டுக்காரரின் பட்டாளத்துச் சட்டையில் பட்டையும் பேட்ஜும்தான். அதைத்தான் பேச முடியும்.

நான் பிறந்தது பாம்பன். அப்பா வலை ஊசியும் கையுமாகத்தான் எப்போதும் உட்கார்ந்திருப்பார். வலை முடிச்சு எனக்கும் தெரியும். ஆனால் துணி ஊசியைத் தொட்டதே கிடையாது. 2005-இல் கல்யாணமாகி உச்சிப்புளி பக்கம் வந்தேன். அவர் மெட்ராஸ் ரெஜிமென்ட். 1758-இல் ஆரம்பித்த படை அது, பயிற்சி எல்லாம் நீலகிரி வெலிங்டனில். அவங்க பேட்ஜில் ஒரு யானை நிற்கும். 1803-இல் அசாயே என்கிற ஊரில் நடந்த சண்டைக்காகக் கிடைத்த யானை. கல்யாணமான புதிதில் அந்த யானையைத்தான் நான் சும்மா சும்மா எடுத்துப் பார்ப்பேன்.

2008-இல் லீவில் வரும்போது நாயக் ஆகியிருந்தார். லான்ஸ் நாயக்குக்கு ஒரு பட்டை, நாயக்குக்கு இரண்டு, ஹவில்தாருக்கு மூன்று. பட்டாளத்துக்காரர்கள் அதைப் 'பீத்தி' என்பார்கள், இந்திச் சொல். நம்ம ஊரில் பீத்திக்கிறது என்றால் வேறு அர்த்தம் அல்லவா, எங்க அத்தை சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. யூனிட்டில் தையல்காரர் உண்டு. ஆனாலும் லீவு முடிந்து போய் நிற்கும்போதே புதுப் பீத்தியோடு நிற்க வேண்டும் என்று இவருக்கு ஆசை.

டவுனில் ஒரு கடையில் கொடுத்தார். மிஷினில் ஓட்டித் தந்தார்கள். வீட்டில் வந்து போட்டால் கை உள்ளே போகவில்லை. கைத்துணியின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து அடித்துவிட்டார்கள். ராத்திரி உட்கார்ந்து பிளேடால் நான்தான் பிரித்தேன். பிரித்த இடமெல்லாம் ஓட்டை. மறுநாள் ரயில். வேறு வழியில்லாமல் நானே ஊசியை எடுத்தேன்.

சேது எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டு வந்தேன். மானாமதுரை தாண்டினதும் போன் வருது: "ஏ புள்ள, குடிசை கட்டி அனுப்பியிருக்கியே!" பீத்தியின் முனை கீழே பார்க்கணும். நான் கூரை மாதிரி மேலே பார்த்துத் தைத்திருக்கிறேன். கூட வந்த பையன் ஒருவன் பிரித்துத் திரும்பத் தைத்துக் கொடுத்தானாம். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கலை.

அப்புறம் இரண்டு வருஷம் குடும்பக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். பக்கத்து வீட்டு மலையாளத்துச் சேச்சிதான் எனக்குக் குரு. அவங்க சொல்லித் தந்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். சட்டை புதுசு என்றால் முதலில் நனைத்துக் காயவைத்து அயர்ன் போடணும். நனைக்காமல் தைத்தால் முதல் சலவையில் துணி சுருங்கும், பேட்ஜ் சுருங்காது, சுற்றிலும் சுருக்கம் விழும். பேட்ஜையும் உப்புத் தண்ணியில் போட்டுச் சாயம் இறங்குதான்னு பார்க்கணும். கைக்குள்ளே ஒரு அட்டையைச் செருகிக்கணும், ஊசி அந்தப் பக்கம் போகாது. இரண்டு கைக்கும் உயரத்தை அளந்து சோப்புக் கட்டியால் கோடு. பிறகு பெரிய பெரிய ஓட்டுத் தையலாகப் போட்டு, ஆளைப் போட்டுப் பார்க்கச் சொல்லி, கையைத் தூக்கச் சொல்லி, அப்புறம்தான் ஹெம்மிங். ஒன்பதாம் நம்பர் ஊசி, துணி நிறத்திலேயே நூல், அதுவும் ஒற்றை நூல்.

ஏன் ஒற்றை நூல் என்று கேட்டேன். சேச்சி சொன்னாங்க, "கழற்றணும் அல்லவா மோளே." ஒவ்வொரு போஸ்டிங்குக்கும் தோள் பக்கத்து அடையாளம் மாறும். பிரமோஷன் வந்தால் பீத்தி மாறும். மிஷின் தையலைப் பிரித்தால் துணி போச்சு. கைத்தையலில் ஒரு முனையை வெட்டி இழுத்தால் போதும், ஊசி பட்ட தடம்கூடத் தெரியாது. ஆகையால் நான் தைத்தது எல்லாமே கழற்றுவதற்காகத் தைத்ததுதான்.

2014-இல் ஹவில்தார் ஆனார். மூன்றாவது பீத்தி. அந்தத் தடவை ஒரு தப்பும் இல்லை.

2020 ஜூன் மாதம் அவர் லடாக் பக்கம் இருந்தார். கல்வான் பள்ளத்தாக்கில் 15-ஆம் தேதி ராத்திரி நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். 20 பேர். அதில் ஒருவர் நம்ம மாவட்டம், திருவாடானை பக்கம் கடுக்கலூர், ஹவில்தார் பழனி. டிவியில் அந்த ஊர்ப் பேரைச் சொன்னதும் எங்க தெருவே எங்க வீட்டு வாசலில் வந்து நின்றது. இவரிடமிருந்து போன் இல்லை. மூன்று நாள் இல்லை.

போன லீவில் அவர் விட்டுவிட்டுப் போன பழைய சட்டை ஒன்று இருந்தது. என்ன செய்கிறதென்று தெரியாமல் அதை எடுத்து வைத்துக்கொண்டேன். பீத்தியைப் பிரித்தேன். திரும்பத் தைத்தேன். திரும்பவும் பிரித்தேன். பீத்தி இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் புதுத் துணி மாதிரி இருந்தது. அத்தை ஒரு வார்த்தை பேசலை, கண் தெரியாத மனுஷி, தடவித் தடவி ஊசியில் நூல் கோத்துக் கோத்துக் கொடுத்தாங்க. நாலாம் நாள் காலையில் போன் வந்தது. அரை நிமிஷம்தான். "சாப்பிட்டியா"ன்னு கேட்டார், அவ்வளவுதான். கடுக்கலூர் வீட்டுக்கு அப்படி ஒரு போன் வரலை. பழனி அவர்களுக்குப் பிறகு வீர் சக்ரா கொடுத்தார்கள். அந்தச் செய்தியைப் பார்த்த அன்றைக்கும் நான் ஊசியைத்தான் தேடினேன், ஏன் என்று சொல்லத் தெரியலை.

2023-இல் இவர் ரிட்டயர் ஆனார். திண்ணையில் உட்கார்ந்து எல்லாச் சட்டையிலும் நானே பிரித்தேன். பீத்தியெல்லாம் பிஸ்கட் டப்பாவில் இருக்கு.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. மண்டபம் கோஸ்ட் கார்டில் இருக்கிற பையன்கள், போலீஸில் தலைமைக் காவலர் ஆனவர்கள், என்.சி.சி. பிள்ளைகள் என்று ஒவ்வொருத்தராக வர ஆரம்பித்தார்கள். ஒரு வருஷம் சும்மாவே தைத்துக் கொடுத்தேன். நம்ம குழுவின் கணக்கு எழுதுகிற தங்கச்சிதான் பிடித்துக் கேட்டது: "நூலுக்குக் காசு, ஊசிக்குக் காசு, உங்க கண்ணுக்குக் காசு இல்லையா அக்கா?" இப்போது ஒரு பேட்ஜுக்கு 40 ரூபாய். முதலில் கேட்க வெட்கமாக இருந்தது. "பட்டாளத்துக்காரர் சம்சாரம் இதுக்கெல்லாம் காசு வாங்குமா"ன்னு ஒரு அம்மா முகத்துக்கு நேரே கேட்டாங்க. வாங்கும்மா, வாங்கும்னு சொன்னேன்.

ஒரு எச்சரிக்கை மட்டும். 2022 ஜனவரி 15 ராணுவ தினத்தில் புதுப் போர்ச்சீருடை வந்தது, டெல்லி நிஃப்ட் உதவியோடு செய்த டிசைன். அதை ராணுவம் தன் பேரில் பதிவு செய்திருக்கிறது. அனுமதி இல்லாமல் அந்த மாதிரித் துணியில் உடுப்புத் தைக்கவோ விற்கவோ கூடாது. யாராவது துணி கொண்டுவந்து "சட்டையாகவே தைத்துக் கொடுங்க, இரண்டு மடங்கு தருகிறேன்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். என்னிடம் ஒருத்தர் வந்தார், அனுப்பிவிட்டேன். பேட்ஜ் தைக்கவும் உடுப்புக்காரரே அடையாள அட்டையோடு வரணும் என்று வைத்திருக்கிறேன்.

கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட்டமைப்புக் கட்டிடத்துக்கு வாங்க. ஊசியும் நூலும் நான் தருகிறேன். பழைய சட்டை ஒன்று நீங்கள் கொண்டு வரணும். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியை மறக்காதீங்க, போன வாரம் மூன்று பேர் மறந்துவிட்டு வந்து என் கண்ணாடியையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள்.