முன்வரிசைக்கும் பயப்படாத சிரிப்பு



மைசூரு தந்த ஒரு நகைச்சுவைக் கலைஞரைப் பற்றி இன்று பேசலாம் என்றிருக்கிறேன். மாஸ்டர் ஹிரண்ணையா. கன்னட நாடக மேடையில் வாழ்ந்து, பிற்காலத்தில் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்தவர்.

1934 பிப்ரவரியில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் நரசிம்மமூர்த்தி. அப்பா கே. ஹிரண்ணையா கன்னட நாடக உலகில் பெரிய கை. செம்பை வைத்தியநாத பாகவதர் பாட, சௌடையா வயலின் வாசிக்கும் காட்சி உள்ள, 1943-இல் வந்த ‘வாணி’ படத்தை இயக்கியவர் அவர்தான். மகனோ மைசூரில் பத்திரிகை விற்றுப் படிப்புச் செலவைப் பார்த்துக்கொண்டார். 1953-இல் அப்பா காலமானபோது அவருக்கு வயது 19. அப்பாவின் பெயரே மேடையில் அவருக்கும் பெயராக நிலைத்தது.

அவருக்குப் பெரும்புகழ் தந்த நாடகம் ‘லஞ்சாவதாரா’. லஞ்சம் வாங்குகிறவர்களை மேடையேற்றித் தோலுரித்த நாடகம். 10,000 முறைக்கு மேல் நடந்ததாகச் சொல்வார்கள். இத்தனை முறை நடந்தும் பழசாகவில்லை. காரணம், அன்றைய செய்தி அன்றைய வசனத்துக்குள் வந்துவிடும். நம் எம்.ஆர். ராதா ‘ரத்தக்கண்ணீர்’ மேடையில் செய்தது போலத்தான். நாடகம் பார்க்க வந்த அமைச்சருக்கும் ஹிரண்ணையாவின் வாயிலிருந்து தப்ப வழியில்லை.

தொலைக்காட்சியில் அப்படி முடியாது. எழுதி, படம்பிடித்து, வெட்டி ஒட்டி ஒளிபரப்ப நாளாகும். எதிரே பார்வையாளர்களும் இருக்கமாட்டார்கள். ஆனால் நாடகக் கொட்டகைக்கே போகாத குடும்பங்களின் கூடத்துக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அந்தப் பெட்டிதான். அவருடைய மகன் பாபு ஹிரண்ணையாவும் நடிப்புத் தொழிலுக்கே வந்தார்.

2019 மே 2 அன்று பெங்களூருவில், 85-ஆம் வயதில் மாஸ்டர் ஹிரண்ணையா மறைந்தார்.

அவர் அமைச்சரையே கேலி செய்தார். இன்றோ எந்த மொழி நகைச்சுவை நிகழ்ச்சியைப் போட்டாலும் கறுப்பு நிறம், பருத்த உடம்பு, திக்குவாய், மனைவி என்று எதிர்த்துப் பேசமுடியாதவர்களைத்தான் கேலி செய்கிறோம். அதற்குத் துணிச்சல் வேண்டாம். அதிகாரத்தில் இருப்பவர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே அவர் குற்றத்தைச் சொல்லிச் சிரிக்கவைக்கத்தான் நெஞ்சுரம் வேண்டும். பிள்ளைகளோடு சேர்ந்து இந்த நிகழ்ச்சிகளைப் பார்க்கிற பெற்றோர்களே, யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று ஒரு தடவை அவர்களிடம் கேளுங்கள். நல்ல நகைச்சுவையை அடையாளம் காண அந்த ஒரு கேள்வியே போதும்.